தஞ்சாவூர் – நாகப்பட்டினம்: அறுவடை நேரத்தில் அரை நாள் கார் பயணம், எந்த வழி நல்லது?

கரந்தைவாசி

எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிறோம். மாலை நாலரைக்கு என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும், காலை முழுவதும் கையில் இருக்கிறது.

காரில் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா, அப்பா. அப்பாவுக்கு 76 வயது, முழங்கால் வலி உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாது. மேப்பில் பார்த்தால் இரண்டு மணி நேரம் சொச்சம் காட்டுகிறது. ஆனால் மாசி பிறக்கப் போகிறது, சம்பா அறுவடை நடக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. நேர்வழியில் போகலாமா, மன்னார்குடி சுற்றிப் போகலாமா? சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்.

லோடு வண்டி

சார், நான் வாரம் மூன்று முறை அரிசி ஏற்றிக்கொண்டு இதே ரோட்டில் போகிறவன். தஞ்சாவூர், சாலியமங்கலம், அம்மாபேட்டை, கோவில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகை. 85 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து தஞ்சை வரை நாலு வழியில் பறந்து வந்தவர்கள் இந்தப் பக்கமும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக் கணக்குப் போடுவார்கள். இது இருவழிச் சாலை. எதிரே ஒரு வைக்கோல் லாரி வந்தால் உங்கள் வேகம் அதோடு முடிந்தது.

இந்த மாதத்தில் நான் மேப்பில் காட்டுவதோடு கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் கூட்டுவேன். கேட் மூடியிருந்தால் அதற்கு மேல்.

மன்னை மதில்

வடுவூர் வழியாக வாருங்கள் சார். தஞ்சாவூர் – வடுவூர் – மன்னார்குடி – கூத்தாநல்லூர் – திருவாரூர், அப்புறம் நாகை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடும், ஆனால் நீடாமங்கலம் கேட்டே கிடையாது. வடுவூர் ஏரியில் இப்போது பறவைகள் நிறைய. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த ஏரி அது. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூட்டமாக நிற்பதைக் கரையிலிருந்தே உங்கள் மகள் பார்க்கலாம். தாத்தாவும் கால் நீட்டி நடக்கலாம்.

ஒரே வருத்தம், 2018 கஜா புயலுக்கு முன்னால் இந்தப் பக்கம் ரோட்டில் நிழல் மூடிக் கிடக்கும். பெரிய மரங்கள் எவ்வளவோ அன்று ஒரே இரவில் போய்விட்டன. பத்து மணிக்கு மேல் வெயில் நேரே காருக்குள் அடிக்கும், அம்மா அப்பாவை நிழல் பக்கமாக உட்கார வையுங்கள்.

பயணி 40

85 கிலோமீட்டருக்கு இவ்வளவு யோசனை தேவையா? காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு நாகையில் காபி குடிக்கலாம். ரோடு காலியாக இருக்கும், ரயில்வே கேட்டும் அவ்வளவாகத் தொந்தரவு தராது. ரோட்டின் பாதியை நெல் காயப்போட்டு அடைக்கிறார்களே, அந்தத் தொல்லையும் வெயில் ஏறிய பிறகுதான். போன வாரம் என் வண்டி நெல் மேல் ஏறி வழுக்கி ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. பெரிய சாலையில் இதை ஏன் அனுமதிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

குடவாசல் டீச்சர்

ஐந்து மணி யோசனை வேண்டவே வேண்டாம் தம்பி. தை, மாசியில் டெல்டாவில் விடியற்காலைப் பனி எப்படி இருக்கும் என்று வயல் நடுவே ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் தினமும் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிறேன். ஏழு மணிக்குக்கூடச் சில நாள் முன்னால் போகிற சைக்கிள் தெரியாது. ஆற்றை ஒட்டிய இடத்தில் இன்னும் மோசம். முந்தின நாள் காயப்போட்ட நெல்லை ராத்திரி குவித்துத் தார்ப்பாய் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். பனியில் அந்தக் குவியல் கண்ணுக்குத் தெரியும்போது வண்டி அதன் மேலேயே இருக்கும்.

ஏழு மணிக்குக் கிளம்புங்கள். பனி இருந்தால் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர் மாதிரி கண்ணில் திரும்ப அடிக்கும். லோ பீம், மெதுவான வேகம், அவ்வளவுதான்.

பாமணிக்கரை விவசாயி

பயணி 40 தம்பிக்கு ஒரு பதில். கோபமாக எழுதவில்லை, ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

எனக்கு நாலு ஏக்கர். நேற்று அறுத்தோம். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வாங்குவார்கள். அரசு தளர்த்தி அறிவிக்கிற வருஷங்கள் உண்டு, ஆனால் அறிவிப்பு வருகிற வரைக்கும் நெல் காத்திருக்காது. என் நெல்லில் நேற்று மீட்டரை வைத்தபோது 21 காட்டியது.

முன்னால் ரோட்டில் இவ்வளவு நெல் கிடந்ததா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கையறுப்பு காலத்தில் தாளோடு அறுத்து, அரி அரியாக வயலிலேயே கிடக்கும். ஒரு நாள் வெயில் அங்கேயே பட்டுவிடும். அப்புறம் கட்டுக் கட்டி, களத்துக்கு வந்து, அடித்து, தூற்றி மூட்டைக்குள் போவதற்குள் பாதி காய்ந்திருக்கும். இப்போது பெல்ட் அறுவடை மிஷின் இறங்கினால் மணிக்கணக்கில் வேலை முடிந்துவிடுகிறது. நின்ற பயிரிலிருந்து பனி ஈரத்தோடு நெல் நேரே டிராக்டர் பெட்டிக்குள் விழுகிறது. ஆள் கிடைக்காததால் மிஷினை விட்டால் வழியில்லை. காயப்போட ஊருக்கு ஒரு களம் இருந்தால் பெரிது, அந்தக் களத்துக்கும் முப்பது பேர் வரிசை. சூடேறிய தார் ரோட்டில் ஒரே பகலில் காய்ந்துவிடும், மண் தரையில் இரண்டு நாள் ஆகும். நடுவில் ஒரு மழை பெய்தால் முளைத்துவிடும். ஒரு சிப்பம் 40 கிலோ. அது ஒவ்வொன்றும் ஆறு மாத வேலை.

ரோட்டில் போகிறவர்களுக்கு ஆபத்துதான், அதை நான் மறுக்கவில்லை. என் மைத்துனன் பையனே பைக்கில் வழுக்கிக் கை ஒடிந்து கிடந்தான். ராத்திரி கல் வைக்காதீர்கள் என்று எங்கள் ஊரில் நானே சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கல்லுக்குப் பதிலாக மணல் பை வைக்கிறோம், அதன் மேல் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுகிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நெல் கிடந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். நெல் மேல் பிரேக் போடாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். நெல்லைத் துழாவுகிற ஆள் காலில் தள்ளிக்கொண்டு ரோட்டின் நடுவே வருவார், குனிந்த தலை நிமிராது, ஹாரன் அடித்தால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகர்வார் என்று சொல்ல முடியாது. மெதுவாக வந்தால் அவரே கையைக் காட்டி வழி விடுவார்.

பயணி 40

ஐயா, ஈரப்பதம் விஷயம் எனக்குத் தெரியாது. நான் சென்னையில் வளர்ந்தவன், இங்கே வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. தொல்லை என்று எழுதியதற்கு மன்னியுங்கள். பனியைப் பற்றி டீச்சர் சொன்னதும் சரி, ஐந்து மணி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கரந்தைவாசி

எல்லோருக்கும் நன்றி. இரவு சாப்பிடும்போது இந்தப் பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மன்னார்குடி வழி நல்லது போலிருக்கிறதே என்றேன். சரி, உன் இஷ்டம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீடாமங்கலம் வழியா போனா மூணாறு தலைப்பைப் பாத்துட்டுப் போகலாம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது ஆற்று மதகுகளைப் பார்த்துக்கொள்கிற ஊழியராக இருந்தவர். மொத்தம் 31 வருஷம், அதில் கடைசிப் பதினோரு வருஷம் ஆறு பிரிகிற அந்தத் தலைப்பில். நாங்கள் அப்போது தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்ததால் அவர் வேலை பார்த்த இடத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் பத்து நாள் பதினைந்து நாள் வீட்டுக்கு வரமாட்டார், அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆகவே வழி முடிவாகிவிட்டது. கேட்டில் நின்றாலும் பரவாயில்லை. தலைப்புக்குப் போவது எப்படி, உள்ளே விடுவார்களா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை

நான் நீடாமங்கலம்தான். இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது சார். கண்டிப்பாக வாருங்கள்.

கல்லணையில் பிரிகிற வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறது. இங்கே மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. ஜனங்கள் வாயில் அது மூணாறு தலைப்பு. ஊருக்கு வந்து யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள், கார் கிட்டத்திலேயே போகும். பாலத்தில் நின்று பார்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஷட்டர் மேடை பக்கம் போவதாக இருந்தால் பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா யாரென்று சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மேட்டூரை வழக்கம்போல ஜனவரி 28-ல் மூடியாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. ஆடி மாதத்து ஆறு மாதிரி இருக்காது.

கேட்டைப் பற்றி: இங்கிருந்து மன்னார்குடிக்கு ஒரு பாதை பிரிகிறது, திருவாரூர் பாதை ஒன்று. பயணிகள் ரயில் தவிர சரக்கு ரயிலுக்கு இன்ஜின் திசை மாற்றுவதும் உண்டு. கொள்முதல் நேரத்தில் நெல் ரயில் கூடுதல். மூடினால் ஐந்து நிமிடத்திலும் திறக்கும், அரை மணியும் ஆகும். மூடியிருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பால்திரட்டு என்கிற பால் இனிப்பு வாங்கிச் சாப்பிடுங்கள். எங்கள் ஊருக்கு வந்து அதைச் சாப்பிடாமல் போகக் கூடாது. எதிர்த்திசைப் பாதையில் ஏறி முன்னால் போய் நிற்காதீர்கள். இரண்டு பக்கமும் அப்படி நின்றால் கேட் திறந்த பிறகும் யாரும் நகர முடியாது.

குடவாசல் டீச்சர்

அம்மாவும் மகளும் வருவதால் இதையும் சொல்கிறேன், யாரும் எழுதவில்லை. கழிப்பறை. இந்த வழியில் பெரிய பெட்ரோல் பங்குகளில்தான் ஓரளவு நன்றாக இருக்கும். தஞ்சாவூரை விட்டு வெளியே வரும்போது ஒன்று, திருவாரூருக்குள் நுழையும் முன் ஒன்று என்று இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் வரும் வரை காத்திருக்காதீர்கள். வயதானவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்வார்கள், நீங்களே நிறுத்திவிடுங்கள். இதற்குப் பயந்தே என் மாமியார் பயணத்தன்று தண்ணீர் குடிக்காமல் இருந்து ஒருமுறை மயங்கி விழுந்தார்.

காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். இட்லிக்கு எண்ணெயும் பொடியும் தடவி எடுத்துக்கொண்டால் எந்த மர நிழலிலும் முடித்துவிடலாம். திருவாரூர் பெரிய கோயில் போவதானால் பதினொன்றரைக்குள் உள்ளே இருக்க வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அப்பாவால் பிரகாரமெல்லாம் நடக்க முடியாது. கமலாலயக் கரையில் உட்கார்ந்தாலே போதும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பழைய நில அளவில் சொல்வார்களே, அதன் பொருள் அந்தக் கரையில் உட்கார்ந்தால்தான் புரியும்.

லோடு வண்டி

கோவில்வெண்ணியிலும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள் சார், ரோட்டிலிருந்து கிட்டத்தான். கரும்பேஸ்வரர் கோயில். சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்து ரவையும் சர்க்கரையும் எறும்புக்குப் போட்டு வேண்டிக்கொள்வார்கள். நானும் போடுகிறேன், மாத்திரையும் விடாமல் சாப்பிடுகிறேன். கரிகாலன் வெண்ணிப் போரில் சேரனையும் பாண்டியனையும் ஜெயித்த இடம் அதுதான் என்று உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கும்.

திரும்பி வருவது எப்போது? இருட்டின பிறகு மட்டும் வராதீர்கள். டிராக்டர் டிரெய்லரில் பாதிக்குப் பின்விளக்கு இருக்காது. வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கி இருக்கும். லைட் வெளிச்சத்தில் ரோடும் வைக்கோலும் ஒரே நிறம்.

நாகை உப்புக்காற்று

திருவாரூரிலிருந்து எங்கள் ஊர் 25 கிலோமீட்டர். கீழ்வேளூர் தாண்டி சிக்கல். வேளாங்கண்ணி வண்டிகள் எல்லாம் சனிக்கிழமை இந்தப் பக்கம்தான் வரும், கடைசிப் பத்து கிலோமீட்டர் மெதுவாகத்தான் போகும்.

கீழ்வேளூர் பக்கத்தில் ஆனைமங்கலம் என்று ஒரு ஊர். ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்த ஊர் அது. லைடன் செப்பேடு என்று பேர் பெற்றது அதன் ஆவணம்தான். கீழ்வேளூரிலிருந்து தேவூர்ப் பக்கம் போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25-ல் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கல்யாண வேலையாகப் போகிறவர்களை அங்கே போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வழியில் நெல்லைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அந்த ஊர்ப் பேரைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

கரந்தைவாசி

நேற்று இரவு திரும்பிவிட்டோம். கேட்டவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை 7.10-க்குக் கிளம்பினோம். சாலியமங்கலம் வரை நல்ல பனி, 30-க்கு மேல் போகவில்லை. அம்மாபேட்டை தாண்டியதும் வெளுத்தது. கோவில்வெண்ணியில் இட்லி சாப்பிட்டோம், மகள் எறும்புக்குச் சர்க்கரை போட்டாள். நீடாமங்கலம் கேட் மூடித்தான் இருந்தது. 25 நிமிடம். பால்திரட்டு வாங்கினோம், இரண்டாவது பொட்டலமும் வாங்க வேண்டியதாயிற்று.

தலைப்பில் இறங்கியதும் அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே அளவுக் கல்லைப் பார்க்கப் போனார். தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் ஓடியது. இருந்தும் குனிந்து கண்ணைச் சுருக்கிப் படித்தார். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி, இரண்டு முறை அளவு எடுத்துப் போனில் சொல்ல வேண்டும், வெள்ளம் வந்தால் மணிக்கொரு முறை என்று மகளிடம் சொன்னார். பணியில் இருந்த இளைஞர் வந்தார். அப்பா பேரைச் சொல்லி, நான் இங்கே இருந்தவன் என்றதும், "வாங்கப்பா" என்று கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்.

அப்பா ஷட்டரின் திருகுத் தண்டைத் தொட்டார். மரையில் ஒட்டியிருந்த பழைய கிரீஸைக் கட்டை விரலில் எடுத்து, இன்னொரு விரலால் தேய்த்து, மூக்கின் அருகே கொண்டுபோனார். "எப்பப் போட்டீங்க?" என்றார். "பொங்கலுக்கு முன்னாலப்பா." "மண் சேந்திருக்கு. துடைச்சிட்டுப் போடணும், இல்லேன்னா மேலயே நிக்கும்." அந்தத் தம்பி சரி சரி என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். எந்த வருஷம் கரை எங்கே உடைத்தது, எத்தனை மூட்டை மணல் போட்டார்கள், எந்த ஊர்க்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் ஒன்றுகூட அதுவரை தெரியாது. மகள் எந்த ஆறு எங்கே போகிறது என்று கேட்டாள். கைத்தடியால் காட்டினார்: இது பாமணி, மன்னார்குடிப் பக்கம். இது கோரையாறு, முத்துப்பேட்டைப் பக்கம். இது வெண்ணாறு, கிழக்கே.

முழங்கால் வலி என்று அவர் அன்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கொரடாச்சேரிக்கு அப்புறம் ரோட்டில் வரிசையாக நெல். விவசாயி ஐயா சொன்னபடி தூரத்திலேயே மெதுவாகிவிட்டேன். துழாவிக்கொண்டிருந்த அம்மா கையைக் காட்டி வழி விட்டார். கமலாலயக் கரையில் கால் மணி நேரம், கோயிலுக்குள் போக நேரமில்லை. நாகையில் 1.20-க்கு இலை முன்னால் உட்கார்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பி மன்னார்குடி வழியாகத் திரும்பினோம். வடுவூரில் நாரைகள் அடைய வருகிற நேரம், மகளை வண்டியில் ஏற்றவே முடியவில்லை. அங்கிருந்து கிளம்பத் தாமதமாகி, கடைசி 25 கிலோமீட்டர் இருட்டில்தான் வந்தோம். லோடு வண்டி அண்ணன் சொன்னது அப்படியே. பின்விளக்கில்லாத டிராக்டர் ஒன்று பத்தடி தூரத்தில்தான் தெரிந்தது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் தலைப்புக்கு வருகிற அன்று போக வேண்டும் என்கிறார் அப்பா. எந்தத் தேதியை வைத்துக்கொள்ளலாம்?

வெண்ணாற்றங்கரை

கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும் சார். வெண்ணாற்றில் எந்த அன்று எவ்வளவு விடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எங்களுக்கு வந்து சேரும், தேதி சொல்ல முடியாது. கல்லணை திறந்ததும் தலைப்புக்குப் போய்ப் பார்த்து இங்கே எழுதுகிறேன். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக மெதுவாகத்தான் வரும். அப்பாவுக்குத் தெரியும்.